ரெண்டு நாடு வேண்டாம், ஒரு ஊர் போதும்

கேள்வி: அக்கா, நாங்க மார்த்தாண்டம் பக்கம். எனக்க மவளுக்கு 11 வயசு, ஆறாங்கிளாஸ். இந்த லீவுக்கு முதல் தடவையா வெளிநாடு போலாம்னு வீட்டுக்காரரு சொல்லுதாரு. ஒரு ஏஜென்ட்டு 5 நாளுல சிங்கப்பூரு, மலேசியா ரெண்டும் காட்டித் தாறேன்னு சொல்லியிருக்காரு. இவளானா "குட்டிப் பிள்ளையளு போற எடத்துக்கெல்லாம் என்ன இழுத்துட்டுப் போவாதீங்க"ன்னு இப்பவே மொகத்தத் தூக்கி வச்சிருக்கா, எந்நேரமும் கையில போனுதான். பேக்கேஜ்ல போறதா, நாங்களே போறதா? இந்த வயசுப் பிள்ளைக்கு அங்க என்ன பிடிக்கும்?
- ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, அந்த ரெண்டு நாடு பேக்கேஜ் வேண்டாம். சிங்கப்பூர்லருந்து கோலாலம்பூருக்கு பஸ்ல போனா அஞ்சாறு மணி நேரம், நடுவுல ரெண்டு இமிக்ரேஷன்ல இறங்கி ஏறணும், ஃப்ளைட்ல போனாலும் ஏர்போர்ட் போறது காத்துக் கிடக்கிறதுன்னு அரை நாள் போயிரும். இருக்கிறதே அஞ்சு நாள், அதுல வர்ற நாளும் போற நாளும் கழிச்சா மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க. கோலாலம்பூருக்கு 2023 டிசம்பர்லருந்து நமக்கு விசா இல்லாமலே போக விடுறாங்க, அத இன்னொரு லீவுக்கு வச்சுக்கோங்க. இப்ப சிங்கப்பூர் மட்டும், ஒரே ஹோட்டல், நாலு ராத்திரி. களியக்காவிளை தாண்டுனா திருவனந்தபுரம் ஏர்போர்ட், அங்கருந்து சிங்கப்பூருக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, முதல் பயணத்துக்கு இதவிட லேசான வழி நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு கிடையாது.

பேக்கேஜும் வேண்டாம்னுதான் சொல்லுவேன், காசுக்காக இல்ல, உங்க மகளுக்காக. 11 வயசுங்கிறது சின்னப் பிள்ளையும் இல்லாம பெரிய பிள்ளையும் இல்லாம நடுவுல நிக்கிற வயசு, தன்கிட்ட யாரும் எதுவும் கேக்கலங்கிற கோவம்தான் பாதி நேரம் மூஞ்சத் தூக்க வைக்குது. பேக்கேஜ் பஸ்ல ஏறுன்னா ஏறணும், இறங்குன்னா இறங்கணும், அங்க அவ கையில இருக்கிற போனத் தவிர வேற எதப் பார்ப்பா? அவ கையில ஒரு வேலையக் குடுங்க. வழி காட்டுற வேலை.

இதுக்குன்னே லிட்டில் இந்தியா ஸ்டேஷன் பக்கத்துல ரூம் எடுங்க. சிங்கப்பூர் ரயில்ல ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கலரு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு நம்பர். லிட்டில் இந்தியா ஊதா லைன்ல என்ஈ7, நீல லைன்ல டிடி12. நீல லைன்ல ஏறி நாலாவது ஸ்டேஷன் டிடி16 பேஃப்ரண்ட்ல இறங்குனா கார்டன்ஸ் பை த பேங்கிற பெரிய பூங்கா, வண்டி மாற வேண்டியதில்ல. சுத்த ஆரம்பிக்கிற முதல் நாள் இது போதும், மேப்ப அவகிட்ட குடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் பின்னால நடங்க, தப்பான பக்கம் ஏறினாக்கூட வாய் திறக்காதீங்க, அடுத்த ஸ்டேஷன் நம்பரப் பார்த்து அவளே கண்டுபிடிச்சு இறங்குவா. மறுநாள் ஊதா லைன்ல கடைசி வரைக்கும் போனா ஹார்பர்ஃப்ரண்ட், அங்கருந்து செந்தோசா தீவு. மூணாவது நாள் ஜூ, அதுக்கு ஊதா லைன்ல ஏறி தோபி காட்ல இறங்கி சிவப்பு லைனுக்கு மாறி காத்திப் ஸ்டேஷனுக்குப் போகணும், அங்கருந்து ஷட்டில் பஸ். இதையும் அவ கூட்டிட்டுப் போயிட்டான்னா அப்புறம் அந்தப் பிள்ளைக்க நடையே வேறயா இருக்கும் பாருங்க.

ஒண்ணு முக்கியம், கூட்டத்துல கதவு மூடி அவ உள்ள நீங்க வெளியன்னு ஆயிட்டா என்ன செய்யணும்னு வீட்லருந்தே பேசி வச்சுக்கோங்க. அவ அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அதே பிளாட்ஃபார்ம்ல நிக்கணும், நீங்க அடுத்த வண்டில போய் சேருவீங்க, அவ்வளவுதான். ஹோட்டல் பேரும் உங்க நம்பரும் எழுதின சீட்டு அவ பையில இருக்கட்டும். ரயில் கேட்ல தட்டுறதுக்கு ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டுல மூணு பேரு போக முடியாது. ரயிலுக்குள்ள தண்ணி குடிச்சாக்கூட ஃபைன் போடுவாங்க, 500 டாலர் வரைக்கும். சூயிங்கமும் கொண்டு போக வேண்டாம், 1992லருந்தே அங்க தடை.

"குட்டிப் பிள்ளை எடம்"னு சொல்றாளே, அது நியாயம்தான். திருவனந்தபுரம் ஜூவ பார்த்துச் சலிச்ச பிள்ளைக்கு பகல் ஜூ பெருசா தோணாம இருக்கலாம், அப்டின்னா அதுக்குப் பதிலா பக்கத்துலயே நைட் சஃபாரி போங்க, 1994ல தொடங்கினது, ராத்திரி மிருகங்களுக்குன்னே உலகத்துலயே முதல்ல வந்த ஜூ. ரெண்டையும் ஒரே நாளுல போடாதீங்க, கால் ஓஞ்சிரும். கார்டன்ஸ்ல கிளவுட் ஃபாரஸ்ட் டிக்கெட் மட்டும் எடுத்தாலும் போதும், கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள 35 மீட்டர் அருவி. வெளிய சூப்பர்ட்ரீன்னு மரம் மாதிரி நிக்கிற கோபுரங்கள்ல லைட் ஷோ ராத்திரி 7:45க்கும் 8:45க்கும், காசு கிடையாது, கீழ தரையில படுத்துட்டுதான் பார்க்கணும். செந்தோசாவுல இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்ல சில ரைடுக்கு உயரக் கணக்கு உண்டு, அளந்து பார்த்துட்டு டிக்கெட் எடுங்க, அங்க போய் திருப்பி அனுப்பிட்டா அந்த நாளே பாழாயிரும். ஜூ, யுனிவர்சல் மாதிரி இடங்கள்ல 12 வயசு வரைக்கும் சைல்ட் டிக்கெட்தான், அதனால 13 ஆகிறதுக்கு முன்னாடி போறது நல்லது.

ஒரு நாள் முழுசா அவளுக்கே விட்டுருங்க. இவ்வளவு டாலர்னு கையில குடுத்து, சாப்பாடு எங்க, போற இடம் எதுன்னு அவ தீர்மானிக்கட்டும், ரூபாய்க்கு கணக்கு அவளே போடட்டும். போன் சண்டையும் அதுல தீரும், ஏன்னா மேப் பார்க்க போன் வேணும், போட்டோவும் அவதான் எடுக்கணும்னு சொல்லிருங்க. லிட்டில் இந்தியாவுல இருக்கிற சாப்பாட்டுக் கடைச் சந்தை தேக்கா சென்டர்ல நம்ம தோசை கிடைக்கும், ஆனா அவ சிக்கன் ரைஸ் கேட்டா வாங்கிக் குடுங்க. போர்டுல நாலு மொழி பார்ப்பா, அதுல தமிழும் ஒண்ணு, அந்த நாட்டுக்க ஆட்சி மொழி. ரெண்டு மொழி பஸ் போர்டு படிச்சே வளர்ந்த நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு அது தனி சந்தோஷமா இருக்கும்.

இத சொல்லாம விட முடியாது, பெரிய மனுஷியாகிற வயசு, அதனால பேடும் மாத்து உள்ளாடையும் ஹேண்ட் லக்கேஜ்லயே வைங்க, அவகிட்டயும் முன்கூட்டியே பேசிருங்க.

ராத்திரி கிளம்பி விடியக்காலத்துல இறங்குற ஃப்ளைட்டா இருந்தா ஹோட்டல்ல ரூம் மத்தியானத்துக்கு மேலதான் தருவாங்க, பெட்டிய வச்சிட்டு தேக்காவுல காலைச் சாப்பாடு, அப்புறம் மெல்ல சுத்துங்க, அன்னைக்கு வேற பிளான் எதுவும் போட வேண்டாம். ரூம் புக் பண்ணும்போது மூணு பேருன்னு பிள்ளை வயசோட போடுங்க, ஜன்னல் இருக்கான்னும் பாருங்க, அங்க ஜன்னலே இல்லாத ரூமும் விக்கிறாங்க. மழையும் வெயிலும் மாறி மாறி வரும், மத்தியானத்துக்கு ஏசி உள்ள இடமா வச்சுக்கோங்க. பாட்டில் தண்ணி வாங்க வேண்டாம், பைப் தண்ணியே குடிக்கலாம்.

இனி பேப்பர் வேலை. பிள்ளைக்கு பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குதான் தருவாங்க, குழந்தையா இருக்கும்போது எடுத்ததுன்னா தேதியப் பாருங்க, போற அன்னைக்கு 6 மாசமாவது பாக்கி வேணும். டிக்கெட்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கட்டும், ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இருக்கிற இனிஷியல வச்சு போடாதீங்க. சிங்கப்பூருக்கு விசா வேணும், அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் வழியா போடுங்க, ஃபீஸ் 30 சிங்கப்பூர் டாலர், அதுக்கு மேல ஏஜென்ட் சார்ஜ், விசா கிடைக்கலைன்னாலும் ஃபீஸ் திரும்ப வராது. போறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள எஸ்ஜி அரைவல் கார்டுன்னு சிங்கப்பூருக்குள்ள போறவங்க நிரப்புற ஃபாரத்த ஆன்லைன்ல போடணும், பிள்ளைக்கும் தனியா. அது இலவசம், காசு கேக்குற சைட் எல்லாம் அரசாங்கத்தோடது இல்ல. விசா கையில வர்ற வரைக்கும் கேன்சல் பண்ண முடியிற ரூமா மட்டும் பிடிச்சு வைங்க.