வால்பாறை ரோட்ல வாந்தி: வெறும் வயிறு வேணாம்

வால்பாறைக்கு கார்ல போறப்ப பையன் வாந்தி எடுக்கறான், வெறும் வயித்தோட கூட்டிட்டு போகலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம், இன்னும் மோசமாத்தான் ஆகும். கிளம்பறதுக்கு ஒரு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி போதும். பால், பூரி வேணாம்.

5 வயசுப் பையன், மலை ரோடு ஆரம்பிக்கற ஆழியார் தாண்டினதுமே வாந்தி எடுக்கறான், கையில போன்ல கார்ட்டூன் ஓடிட்டு இருக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதான் காரணம்னு தோணுது, கண்ணு ஸ்க்ரீன்லயே நிக்குது, காதுக்குள்ள பேலன்ஸ் பாக்கற உறுப்பு மட்டும் 40 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிட்டு வருது, ரெண்டும் ஒத்துப் போகாம குமட்டுது.

இந்த தடவை போனை வாங்கி வச்சிட்டு, பின் சீட்ல நடுவுல, முன் கண்ணாடி வழியா ரோடு தெரியற உயரத்துல பெல்ட் போட்டு உக்கார வச்சுப் பாருங்க. கார்ல தொங்கற சென்ட் டப்பாவையும் கழட்டிடுங்க (எனக்கே அது குமட்டும்).

வாந்தி மாத்திரை மட்டும் நீங்களா குடுக்காதீங்க, வெயிட்டுக்கு ஏத்த டோஸ் டாக்டர்ட்ட கேளுங்க. சமதள ரோட்லயும் வாந்தி, தலைவலின்னா கட்டாயம் காட்டிடுங்க.