சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்ட கலைப்பீட மாணவி புள்ளிவிபரப் பகுப்பாய்வை எங்கிருந்து தொடங்கலாம்?

கிளிநொச்சிப் பக்கம் 100 விவசாயக் குடும்பங்களிடம் வினாக்கொத்து நிரப்பப் போகிறீர்கள், அதற்கு முன் எஸ்.பி.எஸ்.எஸ் (SPSS) என்ற புள்ளிவிபர மென்பொருள் வகுப்புக்குப் போகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். ஆனால் முதலில் ஒரேயொரு கைவர்க்கச் சோதனையை (chi-square, இரண்டு விடயங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது) கொப்பியில் கையால் செய்து பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

100 குடும்பங்களில் 40 இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்பவை, 60 மானாவாரி என்று வையுங்கள். கடன் உள்ளவை வாய்க்கால்காரரில் 18, மானாவாரியில் 42, மொத்தம் 60. தண்ணீருக்கும் கடனுக்கும் தொடர்பே இல்லை என்பது சூனியக் கருதுகோள். அது சரியென்றால் வாய்க்கால்காரரில் 40 × 60 ÷ 100 = 24 குடும்பங்களுக்குக் கடன் இருக்கவேண்டும். இருப்பது 18. வித்தியாசம் 6, அதன் வர்க்கம் 36, அதை 24ஆல் வகுத்தால் 1.5. மற்ற மூன்று கட்டங்களுக்கும் (வாய்க்காலில் கடனில்லாதவை, மானாவாரியில் கடனுள்ளவை, கடனில்லாதவை) இப்படியே செய்தால் 2.25, 1, 1.5 வரும். கூட்டுத்தொகை 6.25. இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு 5 வீத மட்டத்தில் எல்லை 3.84, அதாவது தொடர்பே இல்லாவிட்டால் கூட்டுத்தொகை தற்செயலாக இதைத் தாண்டும் வாய்ப்பு 5 வீதம்தான். அதைத் தாண்டிவிட்டதால் சூனியக் கருதுகோளை நிராகரிக்கலாம். தொடர்பு எவ்வளவு பலமானது என்பது வேறு கேள்வி. 6.25ஐ 100ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.25, அதாவது அவ்வளவு பலமில்லை. பி பெறுமதியை (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடக் கூடிய வித்தியாசம் தற்செயலாக வரும் நிகழ்தகவை) மட்டும் எழுதி நிறுத்துபவர்கள் விடுவது இதைத்தான். தண்ணீர் இல்லாததுதான் கடனுக்குக் காரணம் என்றும் இதை வைத்து எழுத முடியாது. மானாவாரிக்காரரின் காணி சிறிதாக இருப்பதும் காரணமாகலாம்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் 6 மட்டும் கிடைத்தால் அவற்றில் கடன் உள்ளவை, இல்லாதவை என்று எதிர்பார்க்கும் எண்கள் 3.6, 2.4. ஐந்துக்குக் குறைந்த கட்டங்கள் இப்படி வந்தால் கைவர்க்கத்தை விட்டு சிறிய எண்களுக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனைக்குப் போகவேண்டும்.

உண்மையில் கூடுதலாகப் பிழைப்பது கணக்கில் அல்ல, தரவில். வயது தெரியாத மூவருக்கு 999 என்று பதிந்து, அது விடுபட்ட பெறுமதி என்று மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டால், மற்ற 97 பேரின் சராசரி 45ஆக இருந்தாலும் திரையில் 73.6 வரும். ஒன்பது பேருக்கு 2 ஏக்கர், ஒருவருக்கு 25 ஏக்கர் என்றால் சராசரி 4.3, அப்படி ஒரு கமக்காரர் அங்கே இல்லவே இல்லை. காணிக்கும் வருமானத்துக்கும் இடையத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பெறுமதியை) கொடுங்கள், இங்கே அது 2. "மாத வருமானம் எவ்வளவு" என்று கமக்காரரிடம் கேட்கவே வேண்டாம். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்த கையோடு ஒரு பதில் வரும், விதைப்புக் காலத்தில் வேறொன்று வரும். காலபோகம், சிறுபோகம் என்று போகவாரியாகக் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை தரக்கூடிய கேள்விக்கு ஒவ்வொரு விடைக்கும் தனி நிரல் போட்டு 0, 1 என்று பதியுங்கள்.

ஏ9 வீதியோர வீடுகளில் மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தால் எந்தச் சோதனையும் அதைத் திருத்தாது. கிராம அலுவலரிடமுள்ள குடும்பப் பட்டியலுக்கு இலக்கமிட்டு எழுமாற்றாகத் தெரிவுசெய்யுங்கள், உள்வீதி வீடென்றாலும் அங்கேயே போங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ் கிடைக்காவிட்டால் ஜமோவி (jamovi) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம். ஒருமுறை நிறுவினால் இணையம் இல்லாமலே ஓடும். 100 பிரதியையும் அச்சடிக்க முன் 10 வீட்டில் நிரப்பி, அதைக் கணினியில் பதிந்து, மேலே சொன்ன அட்டவணை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தக் கேள்வியை அப்போதே மாற்றுங்கள்.