வாசல் திறந்த பிறகும் சளி தேங்குவது ஏன்?

கேள்வி: நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கு எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சை செய்து 6 வாரம் ஆகிறது. மூக்கடைப்பு குறைந்துவிட்டது. ஆனால் கெட்டிச் சளி தொண்டையில் இறங்கிக்கொண்டே இருக்கிறது, பொருக்கும் வருகிறது. சிகிச்சை பலிக்கவில்லையா?

பதில்: 6 வாரத்தில் அந்த முடிவுக்கு வர வேண்டாம். அறுவை சிகிச்சை சைனஸின் வாசலைத்தான் அகலப்படுத்துகிறது. சளியை வெளியே தள்ளுவது உள்சவ்வில் உள்ள குற்றிழைகள், அதாவது மயிர் போன்ற மிக நுண்ணிய இழைகள். நொடிக்குச் சுமார் 10 முதல் 15 முறை துடித்து, சளிப் படலத்தை ஒரே திசையில் நகர்த்துபவை இவை. பல வருட அழற்சியில் இவை உதிர்ந்தும் செயலிழந்தும் போயிருக்கும். காயம் ஆறும்போது சவ்வு முதலில் மூடிக்கொள்ளும், குற்றிழை அதற்குப் பிறகே முளைக்கும். முளைத்தவை சீராகத் துடிக்க இன்னும் நாளாகும். பலருக்கு 3 முதல் 6 மாதம் பிடிக்கிறது; பாலிப் (சவ்வில் வளரும் மென்சதை) இருந்தவர்களுக்குக் கூடுதலாகவும் ஆகலாம்.

அதுவரை அந்த வேலையை மூக்கைக் கழுவும் உப்புநீர்தான் செய்ய வேண்டும். இதில் அலட்சியம் காட்டுபவர்களுக்குத்தான் பொருக்கு சேர்ந்து, அதனடியில் கிருமி வளர்கிறது. கொதிக்கவைத்து ஆறிய நீர் 250 மி.லி., அயோடின் சேராத உப்பு 2.25 கிராம் (அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு), ஒரு சிட்டிகை சமையல் சோடா. வெதுவெதுப்பாக இருக்கட்டும். உப்பு குறைந்தால் மூக்கு எரியும். குழாய் நீரை அப்படியே ஊற்றவே கூடாது. அரிதாக அதில் இருக்கும் அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி, பாட்டிலை மெதுவாக அழுத்துங்கள். பிறகும் சிறிது நேரம் குனிந்தே இருந்து நீரை வடியவிடுங்கள். மூக்கின் இரண்டு துளையையும் பொத்திச் சிந்த வேண்டாம். பொருக்கை விரலால் பிய்த்தால் புதுச் சவ்வும் கூடவே உரியும். மருத்துவர் எண்டோஸ்கோப் வைத்து எடுப்பதுதான் சரி.

மாதங்கள் கடந்தும் கன்னப் பக்கச் சளி ஓயவில்லையென்றால் மருத்துவரிடம் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கன்ன சைனஸின் குற்றிழைகள் எப்போதும் இயற்கையான துளையை நோக்கியே சளியைத் தள்ளும். அறுவை சிகிச்சையில் பக்கத்தில் எவ்வளவு பெரிய துளை போட்டாலும் திசை மாறாது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்காவிட்டால், ஒன்றில் வெளியேறிய சளி மற்றொன்றில் மறுபடி நுழைந்து சுற்றிக்கொண்டே இருக்கும். எண்டோஸ்கோப்பில் இரு துளைகளுக்கும் இடையே சளி வளையமாக ஓடுவது தெரியும். உப்புநீரால் இது தீராது. இரண்டையும் இணைக்க வேண்டும்.

கேள்வி: அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைத் தொடரலாமா?

பதில்: மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் வேண்டாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் அதுவே அடைப்பை வரவழைக்கும். ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்; மூக்கைக் கழுவிய பிறகு அடியுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டே ஆக வேண்டும், புகை குற்றிழைகளை முடக்கும்.

குனிந்தால் ஒரு பக்கம் மட்டும் தெளிந்த நீர் சொட்டுவது, பார்வை மங்குவது, கண் வீங்குவது, காய்ச்சலோடு கடும் தலைவலி, நிற்காத ரத்தக் கசிவு: எதுவாயினும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.