விசுவாசத்தில் முதிர்ந்த பிறகுதான் அதைப் பிறரிடம் சொல்ல வேண்டுமா?

“ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, வேதமும் அவ்வளவாகத் தெரியாது. நான் எப்படி இன்னொருவரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

காத்திருக்க வேண்டாம். 1912-ல் தெலுங்கு நாட்டிலுள்ள டோர்னக்கலின் பேராயரான (பிஷப்) வே. சா. அசரியா, எங்கள் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அவருடைய பேராயத்தில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன்; சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஏழைக் கூலிக்காரர்கள். முதலில் தேறி வா என்று யாரையும் அவர் நிறுத்தி வைக்கவில்லை.

ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் நான் ரொம்பத் தப்பு செய்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் பாளையங்கோட்டையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா தைப்பொங்கலன்று தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். வாசலை மறித்து நின்றபடியே, “படைச்சத நாங்க சாப்பிட மாட்டோம்க்கா” என்றேன். அதோடு விடாமல் ஒரு சுவிசேஷக் கைப்பிரதியையும் நீட்டினேன். அக்கா அதை வாங்கிக்கொண்டார். மூடியைத் தாண்டி நெய் மணத்த தூக்குவாளி அப்படியே திரும்பிப் போனது. அன்று இரவு குடும்ப ஜெபத்தில், நல்ல சாட்சி சொன்னேன் என்று ஸ்தோத்திரம் பண்ணினேன்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக்கும் அச்சுமுறுக்கும் கொண்டுபோனேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பங்குவைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படைத்ததை நான் இன்றும் சாப்பிடுவதில்லை, அது என் மனசாட்சி. ஆனால் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே! மறுநாள் போய், “பொங்கலன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா” என்றேன். “அத இன்னுமா நெனச்சிக்கிட்டு இருக்க” என்று காபி போட்டார்.

அப்புறம் இரண்டு வருடம் தண்ணீர்க் குடம், ரேஷன் வரிசை, பிள்ளைகள் பரீட்சை என்றுதான் பேசினோம். ஒருநாள் அக்காவே கேட்டார்: “ஒங்க அத்தை இம்புட்டுப் பேசுதாவ, நீ எப்படிப் பொறுத்துக்கிடுத?”

“பொறுக்க முடியலக்கா. ராத்திரி முழங்கால் போட்டு அழுதுட்டுத்தான் படுக்கேன். காலைல எழும்பும்போது கோபம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. அது என்னால ஆவுறது இல்ல, இயேசப்பா செய்றது.”

வேத வசனம் எதுவும் சொல்லவில்லை. அக்கா படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் சேத்து வேண்டிக்கோ” என்றார்.

‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதினது (1 பேதுரு 3:15) அன்றுதான் எனக்குப் புரிந்தது. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும் அளவுக்கு நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளிடம் மன்றாடியதும் இதைத்தான். உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார்.

அக்கா இன்றும் வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோவிலுக்குத்தான் போகிறார். அதனால் எங்கள் நட்பு ஒரு துளியும் குறையவில்லை. அவருக்காக ஜெபிப்பதையும் நான் விடவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த வாரம் ஜெபத்தில் உங்களுக்குள் ஏதாவது அசைந்திருந்தால், யாராவது கேட்கும்போது அதை மட்டும் சொல்லுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் தலையில் அவரைக் கேட்காமல் கைவைத்து ஜெபிக்காதீர்கள். “ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.