மூக்கைக் கழுவினால் காந்துகிறது, காது அடைக்கிறது: எங்கே தவறு?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, நெற்றியில் பாரம். மூக்கு கழுவும் நேத்திக் குவளை வாங்கி, கேன் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உள்ளே காந்தியது, காதும் அடைத்துக்கொண்டது. மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்து போட்டால்தான் தூக்கம். அதை இரண்டு மாதமாகப் போடுகிறேன். மூக்கு கழுவுவதை விட்டுவிடலாமா?

பதில்: உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் அலர்ஜி. கழுவுவதைத் தொடருங்கள். விட வேண்டியது அந்தச் சொட்டு மருந்தை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காந்தியதற்குக் காரணம், உப்பில்லாத தண்ணீர். நம் உடல்நீருக்கு ஈடானது 0.9 சதவீத உப்புநீர். வெறும் தண்ணீர் பட்டால் மூக்கின் சவ்வு அதை உறிஞ்சி வீங்கும், எரியும். 'எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்புதானே' என்பார்கள். அந்த உப்பு வேறு, இது வேறு.

கேன் தண்ணீர் குடிக்க ஆகும், மூக்குக்கு ஆகாது. வயிற்றில் அமிலம் இருக்கிறது, மூக்கில் அந்தக் காவல் இல்லை. தண்ணீரில் வாழும் நெக்ளேரியா என்ற அமீபா மூக்கின் கூரை வழியே மூளைக்கு ஏறிவிடும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் வந்த மூளை அமீபா காய்ச்சல் செய்திகளைப் படித்திருப்பீர்கள். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். ஆர்.ஓ. தண்ணீரானாலும் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் 3 நிமிடம். மூடிவைத்து ஆறவிடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: ஒழுங்காகக் கொதிக்கவைத்துவிட்டு, அவசரத்தில் பச்சைத் தண்ணீரை விளாவிவிடுவார்கள். கொதிக்கவைத்ததே வீண்.

கொதித்து ஆறிய 1 லிட்டருக்கு 9 கிராம் தூள் உப்பு. வீட்டு ஸ்பூன்கள் ஆளுக்கொரு அளவு. இருமல் சிரப் மூடியில் 7.5 மி.லி. கோடு வரை தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய சரியாக வரும். அரை டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்தால் இதமாக இருக்கும். பேக்கிங் பவுடர் வேண்டாம். அயோடின் இல்லாத உப்பு நல்லது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சமையலுக்கு அதை விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை, மளிகைக்கடையில் எங்கே தேடுவது? அயோடின் உப்பு சிலருக்குக் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். கல் உப்பிலும் இந்துப்பிலும் மண் இருக்கும், வேண்டாம். இத்தனை அளவும் அலுப்பாக இருந்தால் டிரிப்ஸ் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டில் போதும். லேபிளில் 'என்.எஸ்.' என்று இருக்கிறதா பாருங்கள், 'டி.என்.எஸ்.' என்றால் அதில் குளுக்கோஸ் உண்டு. திறந்த பாட்டிலும், வீட்டில் கரைத்த நீரும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

வேலை முடிந்து வந்ததும் கழுவுங்கள்; படுக்கும் நேரத்தில் கழுவினால் சைனஸில் தங்கிய நீர் தலையணையில் வடியும். வாஷ்பேசின்மேல் குனிந்து, வாயைத் திறந்து 'ஆ' என்று சொல்லியபடி, ஒரு பக்கத்துக்கு 100 மி.லி. வெதுவெதுப்பாக விடுங்கள். குவளை இல்லாவிட்டால் ஊசி கழற்றிய 20 மி.லி. சிரிஞ்சு. காது அடைத்தது, விழுங்கியதாலோ வேகமாகச் சிந்தியதாலோ இருக்கும். ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு சிந்தாதீர்கள். இரண்டையும் திறந்துவிட்டு மெல்ல ஊதுங்கள். நீர் மறுபக்கம் வரவில்லையென்றால் அழுத்தித் தள்ளாமல் நிறுத்திவிடுங்கள்.

இனி அந்தச் சொட்டு மருந்து. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: சைலோமெட்டசோலின் அல்லது ஆக்ஸிமெட்டசோலின் என்றிருந்தால் 5 நாளுக்குமேல் போடக்கூடாது. மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் அது அடைப்பைத் திறக்கிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் அவை முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். இதைச் சொல்லவேண்டிய கவுண்டரில் எவரும் சொல்வதில்லை, கேட்டவுடன் அடுத்த பாட்டில் வருகிறது. கூடவே மூன்று அசித்ரோமைசின் மாத்திரை! அலர்ஜிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று கேட்க ஆளில்லை. முதலில் ஒரு பக்கத்துக்கு நிறுத்துங்கள், அது திறந்தபின் மறுபக்கம். சில நாள் சிரமம்தான். அப்போது கைகொடுப்பது ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மருத்துவர் எழுதித்தர வேண்டும். கழுவி 15 நிமிடம் கழித்து, நடுத்தண்டில் (இரு துளைகளுக்கும் இடையே உள்ள சுவர்) படாமல் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும்.

'நூறு பொருளுக்கு அலர்ஜி டெஸ்ட்' என்று வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஏஜென்டுகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கத்தரிக்காயையும் பாலையும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் வேலையிடத்தில் பஞ்சுத் தூசி. சரியாகப் பொருந்தும் என்-95 முகக்கவசத்துக்கு அந்தப் பணத்தில் சிறு பங்கு போதும்.

வீட்டில் கழுவிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு: அடைப்பும் சளியும் ஒரே பக்கம். அலர்ஜி இரு பக்கமும் வரும். ஒரே பக்கம் நாறும் சளி என்றால் மேல் கடைவாய்ப் பல்லின் வேர் பழுத்திருக்கலாம், சைனஸில் பூஞ்சை உருண்டை இருக்கலாம். சிறுபிள்ளை என்றால் பயறோ பாசிமணியோ மூக்கில் போயிருக்கும். பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்தில் தண்டையே அரித்துவிடும், அன்றைக்கே ஓட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கலந்து வந்தாலும் அப்படியே. எண்டோஸ்கோப் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்; டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளிருப்பது தெரியாது.