மார்க்குக்கு ஒன்று, மனதுக்கு ஒன்றா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம் வந்ததிலிருந்து குழம்பிப்போய் இருக்கிறான். ஞாயிறு பள்ளியில் பூமிக்கு ஆறாயிரம் வயது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "மார்க்குக்காக எழுதிவிடு, மனதில் நம்பாதே" என்று சொல்லி வைத்திருக்கிறேன். படைப்பை நம்புகிற குடும்பம் பிள்ளைக்கு அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அமெரிக்காவில் கிடைக்கும் படைப்புவாத அறிவியல் புத்தகங்களை வரவழைக்கலாமா?
- ஒரு தாய், திண்டிவனம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில், மகனிடம் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவன் விசுவாசத்தில் நிலைக்க வேண்டும் என்றுதான் சொன்னீர்கள், புரிகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பையன் அதிலிருந்து படித்துக்கொள்வது வேறு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று படித்துக்கொள்கிறான். அந்தப் பழக்கம் பரிணாமப் பாடத்தோடு நிற்காது. ஆலயத்தில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதும் வாய் மட்டும்தான் அசையும்.

ஆறாயிரம் என்ற எண் ஆதியாகமத்தில் எங்கும் இல்லை. வம்ச வரலாறுகளில் வரும் வயதுகளைக் கூட்டிப் பலர் கணக்குப் போட்டார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். 1650இல் வந்த அவருடைய நூல், படைப்பு நடந்தது கி.மு. 4004 என்றது. பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டையும் அச்சிட்டார்கள். வசனத்துக்குச் சமமாக அது மனதில் உட்கார்ந்துவிட்டது. அஷர் பெரிய படிப்பாளி, நேர்மையாகத்தான் கணக்கிட்டார். ஆனால் பாறையின் வயதை அளக்க அன்றைக்கு வழி கிடையாது. இன்றைக்கு உண்டு. யுரேனியம் சீரான வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். பாறைகளிலும் விண்கற்களிலும் இப்படிப்பட்ட தனிமங்களை அளந்துதான் பூமிக்குச் சுமார் 454 கோடி வயது என்கிறார்கள். 'கார்பன் கணக்கே தப்பு' என்று சபையில் யாராவது சொன்னால், பூமியின் வயதைக் கார்பனை வைத்து யாரும் கணக்கிடுவதில்லை என்று மகனுக்குச் சொல்லுங்கள். அந்த முறை சுமார் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வானத்தையும் பூமியையும் படைத்தவர் கர்த்தர் என்று முழு மனதோடு நம்புகிறேன். பூமியின் வயதையும் உயிர்கள் மாறிவந்த விதத்தையும் விஞ்ஞானிகள் கண்டபடியே ஏற்கிறேன். நீங்கள் ஆறு நாட்களை எழுத்துப்படி எடுப்பவராக இருக்கலாம். சரி, அதையும் மறைக்க வேண்டாம். "நாம் வேதத்தை இப்படி வாசிக்கிறோம், விஞ்ஞானிகள் இப்படிச் சொல்கிறார்கள், அவர்கள் காட்டும் சான்று இது" என்று எல்லாவற்றையும் அவன் முன்னால் வையுங்கள். சான்றே கிடையாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல்லூரியில் அந்தச் சான்றைக் கண்ணால் பார்க்கும் நாளில், அம்மா ஆண்டவரைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சந்தேகப்படுவான்.

டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார் என்ற கதையை நம் கூட்டங்களில் இன்னும் சொல்கிறார்கள். டார்வின் இறந்தது 1882இல். கதை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்தது 1915இல். அவருடைய மகள் ஹென்ரியெட்டாவே அதை மறுத்திருக்கிறார். யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்றதாக வேதம் சொல்கிறதே, அந்தக் 'காணாமற்போன நாளை' நாசா கண்டுபிடித்தது என்பதும் நடக்காத கதைதான். பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்னும் இளம் பூமிக் கொள்கையை விடாமல் பிடித்திருக்கும் 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்' என்ற அமெரிக்க அமைப்பே இவற்றைச் சொல்ல வேண்டாம் என்கிறது. கர்த்தருக்காகப் பேசுகிறோம் என்று எண்ணிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடக்காததைச் சொல்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அப்புறம், திருவக்கரை உங்களுக்குப் பக்கத்தில்தானே? ஒரு சனிக்கிழமை அங்குள்ள கல்மரப் பூங்காவுக்கு மகனைக் கூட்டிப்போங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், மர வடிவம் கெடாமல் கல்லாகிக் கிடக்கின்றன. மரம் எப்படிக் கல்லானது என்று அவனே உங்களுக்கு விளக்கட்டும். அன்று இரவு குடும்ப ஜெபத்தில், படைப்பைப் பாடும் 104ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி ராட்லரைப் பற்றியும் சொல்லுங்கள். ஊழியம் செய்துகொண்டே நம் ஊர்ச் செடிகொடிகளைத் தேடித்தேடிச் சேகரித்து, ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கு அனுப்பியவர் அவர். தமிழுக்கு ஒரு பெரிய அகராதியும் தொகுத்தார். பிரசங்கத்தையும் செடி ஆராய்ச்சியையும் ஒரே மனிதர் செய்திருக்கிறார் என்று பையனுக்குத் தெரிவது நல்லது.

அமெரிக்கப் புத்தகங்கள் வேண்டாம். பொதுத்தேர்வு ஆண்டில் அவனுக்கு அவை கூடுதல் குழப்பம். அந்தப் பணத்தில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிக்கொடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மகன் கேள்வி கேட்டால் அடக்காமல் பதில் சொல்லுங்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் அவர் இணங்காவிட்டால் ஆயரிடம் பேசுங்கள்.