விழுந்த பல்லுக்கு இப்போதே கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. இரண்டு மாதத்துக்கு முன் கால்பந்து ஆடும்போது இன்னொரு பையனின் முழங்கை பட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் அதை டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். மருத்துவரிடம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அவர் அதே பல்லைத் திரும்பப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்து ஒட்டி, பிறகு வேர் சிகிச்சையும் செய்தார். ‘சில வருடம் தாங்கும், ஆயுசுக்கும் வராது’ என்கிறார். இன்னொரு கிளினிக்கில், ‘போகப்போகிற பல்லுக்கு ஏன் செலவு செய்கிறீர்கள்? இப்போதே பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள், 18 வயதில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துத் தருகிறோம், இன்றைய விலைதான், கடன் வசதியும் உண்டு’ என்கிறார்கள். ‘கடனை வாங்கியாவது ஒரேயடியாக முடித்துவிடு’ என்கிறார் என் அண்ணன். கையில் இருப்பது மகனின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்த பணம் மட்டும்தான். பல் சிகிச்சைக்குக் கிடையாது என்று காப்பீட்டு நிறுவனமும் போனிலேயே சொல்லிவிட்டது. என்ன செய்வது, சார்?

பதில்: கடன் வேண்டாம்மா. முன்பதிவும் வேண்டாம். கல்லூரிப் பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அண்ணன் அக்கறையில் சொல்கிறார், ஆனால் இது ஒரேயடியாக முடிகிற காரியம் இல்லை. சின்னச் சின்ன பில்களாக ஆறேழு வருடம் ஓடும். பெரிய பில் கடைசியில்தான் வரும்.

நான் பல் மருத்துவன் இல்லை. ஆனாலும் எந்தச் செலவு எப்போது வரும் என்று கணக்குப் போட, அந்தப் பல்லுக்கு இனி என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள்தான் பல்லை எலும்போடு பிணைத்து வைப்பவை. வெளியே வந்த பல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்து கிடந்தால் அவை பெரும்பாலும் செத்துவிடும். பாலில் போட்டு எடுத்துப் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். சரி, அதை இப்போது பேசிப் பயனில்லை. அந்தச் சவ்வு இல்லாத வேரோடு எலும்பு நேரடியாக ஒட்டிக்கொண்டு, அதை மெல்ல மெல்லக் கரைத்துத் தன்மயமாக்கும். அடுத்த பரிசோதனையில் மருத்துவர் கருவியின் பிடியால் அந்தப் பல்லை லேசாகத் தட்டுவார், கவனியுங்கள். பக்கத்துப் பல்லில் மந்தமாகக் கேட்கும் சத்தம் இதில் ‘டிங்’ என்று உலோகம் மாதிரி கேட்டால், பல் எலும்போடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

ஒட்டினால் என்ன? பெரியவர்களுக்கு வந்தால் பல வருடம் அப்படியே ஓட்டிவிடலாம். உங்கள் மகன் வளர்கிற பையன். மற்ற பற்கள் தாடையோடு சேர்ந்து கீழே இறங்க, இந்த ஒரு பல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று குட்டையாகத் தெரியும். வித்தியாசம் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால், மேலே தெரியும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. அந்த வேர் நாளடைவில் எலும்பாக மாறிவிடும்.

பணக் கணக்குக்கு முக்கியமான இடம் இதுதான். பல்லை அடியோடு எடுத்துவிட்டால் அந்த இடத்து எலும்பு ஒடுங்கத் தொடங்கும். ஆறு வருடம் கழித்து இம்பிளான்ட் வைக்கப் போகும்போது ‘எலும்பு போதவில்லை, முதலில் எலும்பு ஒட்டு வைக்க வேண்டும்’ என்பார்கள். அது தனி அறுவை சிகிச்சை, தனி பில். ஆக, போகப்போகிற பல்லுக்கு நீங்கள் செய்த செலவு எலும்பைக் காப்பாற்றக் கொடுத்த பணம். வீண் இல்லை. முதல் மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

18 வயது என்ற பேச்சுக்கு வருவோம். இம்பிளான்ட் எலும்புக்குள் பதிக்கும் டைட்டானிய திருகு. அதுவும் தாடையோடு சேர்ந்து இறங்காது. வளர்ச்சி முடியும் முன் வைத்தால், ஒட்டிப்போன பல்லுக்கு வந்த அதே கோளாறு விலையுயர்ந்த பல்லுக்கும் வரும். ஆண் பிள்ளைகளுக்குத் தாடை வளர்ச்சி பெரும்பாலும் 20, 21 வரை போகும், சிலருக்கு அதையும் தாண்டும். சில மாத இடைவெளியில் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றுவிட்டது என்று பார்த்தபின்தான் வைக்க வேண்டும். பையனைப் பரிசோதிக்கும் முன்பே வயதைக் குறித்து ரசீது போடுகிறவர்களிடம் நான் பணம் கட்ட மாட்டேன்.

அவர்கள் காட்டும் கணக்கு தாளில் லாபமாகத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்று இம்பிளான்ட் செலவு 100 என்று வையுங்கள். வருடம் 7 சதவீதம் ஏறினால் ஆறு வருடத்தில் 150 ஆகும். 14 சதவீத வட்டிக்கு மூன்று வருடக் கடன் வாங்கினால் மாதம் சுமார் 3.4 வீதம் மொத்தம் 123 கட்டுவீர்கள். 150க்கு 123 மலிவுதானே என்று தோன்றும். ஆனால் அதே 3.4-ஐ அதே மூன்று வருடம் 6 சதவீத வட்டியில் தொடர் வைப்பாகப் போட்டு, அடுத்த மூன்று வருடம் தொடாமல் விட்டால் ஏறக்குறைய 160 சேர்ந்திருக்கும். பில்லைக் கட்டியபின்னும் கொஞ்சம் மிஞ்சும். பணமும் உங்கள் பெயரில் இருக்கும். (விகிதங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வங்கி சொல்லும் எண்களைப் போட்டுப் பாருங்கள்.) விலை ஏறாது என்று எழுதிக் கொடுக்கிறார்கள், சரி. ஆறு வருடம் கழித்து அந்தக் கிளினிக் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பது?

இன்னொன்று, உங்கள் மகனுக்கு இம்பிளான்ட்டே தேவைப்படாமல் போகலாம். பற்கள் நெருக்கமாக இருந்து எப்படியும் கிளிப் போட வேண்டிய பையன் என்றால், பக்கத்துப் பல்லை அந்த இடத்துக்கு நகர்த்தி, முன்பல் மாதிரி வடிவம் கொடுத்துவிடும் வழி இருக்கிறது. இரண்டு செலவு ஒரே செலவாகிவிடும். அல்லது பக்கத்துப் பல்லின் பின்பக்கம் சிறு இறக்கை வைத்து ஒட்டும் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பல்லைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல். பல்லை ஏறக்குறைய ராவவே வேண்டாம். கழன்று விழுந்தால் திரும்ப ஒட்டலாம், பலருக்குப் பல வருடம் நிற்கிறது. கழற்றி மாட்டும் பல்தான் இருப்பதில் மலிவு, ஆனால் 15 வயதுப் பையன் வகுப்பில் அதைக் கழற்றி மாட்டச் சம்மதிப்பானா என்று அவனையே கேளுங்கள். அலமாரியில் கிடக்கும் மலிவுப் பல்லால் யாருக்கும் லாபமில்லை. இருபுறப் பற்களையும் ராவி கேப் போடும் பழைய பிரிட்ஜ் மட்டும் இந்த வயதில் வேண்டாம். இளம் பற்களில் நரம்பு பெரிதாக இருக்கும். ராவும்போது அது பாதிக்கப்பட்டால் அந்தப் பற்களுக்கும் வேர் சிகிச்சை என்று செலவு வளரும்.

ஆகவே பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, பரிசோதனைக்கும், இந்தப் பல் போனால் வளர்ச்சி முடியும்வரை வைக்கும் தற்காலிகப் பல்லுக்கும். பன்னாட்டுப் பல் காயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி இப்படித் திரும்ப வைத்த பல்லை 2 வாரம், 4 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம், பிறகு குறைந்தது 5 வருடம் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான், மாதச் செலவிலேயே அடங்கும். தவறவிட்டால்தான் பெரிய தொகையாகும். தற்காலிகப் பல்லுக்கும் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைச் சேமிப்புக் கணக்கில் தயாராக வையுங்கள். எப்போது கேட்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, 20 வயதுக்கான தொகை. தொடர் வைப்பு போதும். ஆறு வருடம் இருக்கிறதே, பங்குச் சந்தையில் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். தேதி நம் கையில் இல்லாத செலவு இது, போட வேண்டாம். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்கு இப்போதே ஒரு மருத்துவரிடம் எஸ்டிமேட் கேளுங்கள். திருகு, அதன் மேல் வரும் இணைப்புத் துண்டு, கேப், மூன்றும் தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். விளம்பரத்தில் வரும் விலை பல நேரம் முதல் வரிக்கு மட்டும்தான். ஸ்கேன், எலும்பு ஒட்டு தேவைப்பட்டால் எவ்வளவு என்றும் எழுதி வாங்குங்கள். கேப்பும் ஆயுசுக்கு வராது, நடுவயதில் ஒருமுறையாவது மாற்ற நேரலாம். அதற்குள் அவனே சம்பாதிப்பான்.

அப்புறம் காப்பீடு. போனில் சொன்ன பதிலை ஏற்காதீர்கள். பல் சிகிச்சையை விலக்கும் பல பாலிசிகளில் ‘விபத்தால் ஏற்பட்ட காயம் நீங்கலாக’ என்று ஒரு வரி இருக்கும். பாலிசித் தாளில் அந்த வரியைத் தேடுங்கள். பள்ளியோ விளையாட்டுக் குழுவோ மாணவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தகவல் தெரிவிக்கக் காலக்கெடு இருக்கும், இரண்டு மாதம் போய்விட்டது, அதனால் இந்த வாரமே எழுத்தில் அனுப்புங்கள். விபத்து நடந்த தேதி, முதல் எக்ஸ்ரே, ரசீதுகள், ‘இந்தப் பல்லுக்குப் பிற்காலத்தில் இன்னின்ன சிகிச்சை தேவைப்படலாம்’ என்ற மருத்துவரின் கடிதம், நான்கும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அவர்கள் ஒரு தொகை தர முன்வந்து, ‘இத்துடன் முழுமையாகத் தீர்ந்தது’ என்று கையெழுத்துக் கேட்டால் உடனே போட வேண்டாம். பிற்காலச் சிகிச்சைக்கு இடம் வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பையன் திரும்ப மைதானத்துக்குப் போவதாக இருந்தால், மருத்துவரிடம் அளவெடுத்து ஒரு பல் காப்பு உறை செய்து கொடுங்கள். கிளிப் போடும் யோசனை இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பல் நகர நகர உறையையும் மாற்ற வேண்டியிருக்கும்.